சாயம் வெளுத்துப்போகிறது, உதவி தேவை

வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். முதுகலை ஆய்வுக்காகக் கரைப்பான்களின் முனைவுத்தன்மையை ரைக்கார்ட் சாயத்தால் (கரைப்பானுக்கு ஏற்ப நிறம் மாறும் சாயம்) அளக்கிறேன். மெத்தனாலில் சிவப்பு, அசிட்டோனில் பச்சை, ஒழுங்காகவே வருகிறது. ஹெக்சாஃபுளோரோ ஐசோபுரோப்பனாலில் மட்டும் போன வாரம் முதல் தகராறு. அட்டவணை மதிப்புப்படி 440 நானோமீட்டரை ஒட்டி ஒளி உறிஞ்சும் பட்டை வரவேண்டும், மஞ்சளாகத் தெரியவேண்டும். குவெட்டில் (அளவிடும் சிறு கலத்தில்) நிற்பதோ வெறும் தண்ணீர் மாதிரிதான், நிறமே இல்லை.

புதுப் புட்டி திறந்தேன், குவார்ட்ஸ் குவெட்டுக்கு மாறினேன், செறிவையும் கூட்டினேன். பலனில்லை. டிரைஎத்திலமின் என்ற காரம் (ஓர் அமின்) ஒரு துளி விட்டதும் இளமஞ்சள் எட்டிப் பார்த்தது. ஆனால் அதை நம்ப மனம் வரவில்லை: ஹைட்ரஜன் பிணைப்பை அள்ளிக் கொடுக்கும் கரைப்பான் இது, பிகேஏ (அமிலத்தன்மையின் அளவு; குறையக் குறைய அமிலம் வலுக்கும்) 9.3, அமினையும் பிடித்துக்கொள்ளும்.

சாயம் புரோட்டானை ஏற்றதால்தான் வெளுத்தது என்று, கரைப்பானின் தன்மையைக் குலைக்காமல், எந்தச் சோதனையால் உறுதிப்படுத்தலாம்?