மறு: 'நோக்கங்களும் செயல்பாடுகளும்': சங்க ஒப்பந்தத்துக்கு எந்தச் சொல்?

குழுமத்தாருக்கு வணக்கம்.

ஆங்கில ஒப்பந்தங்களில் வரும் 'objects and functions' என்ற தலைப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்கும் இந்த இழையை மூன்று நாளாக வாசித்துவருகிறேன். ஓசூர் அம்மா 'குறிக்கோள்களும் செயல்பாடுகளும்' என்கிறார். மதுரை ஐயா 'இலக்கும் இயக்கமும்' என்கிறார். கிருஷ்ணகிரி வழக்கறிஞர் நண்பர், 'நோக்க ஷரத்து என்று எழுதினால் பத்திர எழுத்தர் முதல் நீதிமன்றம் வரை எல்லாருக்கும் புரியும், புதுச்சொல் எதற்கு' என்று கேட்கிறார். மூவருக்கும் பதில் எழுதுமுன் நான் நேரில் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பென்னாகரம் பக்கம் சாமையும் கேழ்வரகும் போடும் விவசாயிகள் சங்கம் ஒன்றுக்கு எழுத்துவேலை செய்துகொடுக்கிறேன். தானியம் வாங்க வந்தவர்கள் ஆங்கிலத்தில் ஓர் ஒப்பந்தம் கொடுத்தார்கள். அதன் முதல் ஷரத்தே சங்கம் எதற்காக இருக்கிறது, என்னென்ன செய்கிறது என்பதுதான். நானும் கையோடு 'சங்கத்தின் நோக்கங்களும் செயல்பாடுகளும் பின்வருமாறு' என்று தமிழாக்கி, பால் சொசைட்டித் திண்ணையில் உட்கார்ந்து வாசித்தேன். பொருளாளர் அக்கா நடுவில் நிறுத்தி, "செயல்பாடுன்னா, சங்கம் நல்லா நடக்குதா இல்லையான்னு நாமளே எழுதித் தரணுங்களா சார்?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்களும் அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தார்கள்.

தவறு அவர்களுடையது இல்லை. தமிழ்நாட்டில் அரசின் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் முதலில் தொடங்கியது தருமபுரியில்தான். அன்றிலிருந்து இன்றுவரை இங்கே ஊருக்கு ஊர் பெண்கள் குழுவின் தர மதிப்பீட்டுக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். தீர்மான நோட்டைப் புரட்டிப் பார்த்து, 'உங்கள் குழுவின் செயல்பாடு எப்படி' என்று கேட்டு மதிப்பெண் போடுவார்கள். 'அதிகாரியின் செயல்பாடு சரியில்லை', 'அணியின் செயல்பாடு சுமார்' என்றுதான் நாளிதழும் எழுதுகிறது. ஒருவர் எவ்வளவு நன்றாகச் செய்கிறார் என்ற பொருளில் அந்தச் சொல் ஊன்றிவிட்டது. எதைச் செய்வதற்காக ஓர் அமைப்பு இருக்கிறது என்று சொல்ல அது இனி உதவாது. ஓசூர் அம்மாவின் சொல்லை நான் ஏற்காததற்குக் காரணம் இது.

இந்த ஷரத்தில் சொல் எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்டும் இன்னொன்றும் அதே சங்கத்தில் நடந்தது. கேழ்வரகை அப்படியே திரித்துவிடலாம். சாமைக்கு உமி நீக்கியாக வேண்டும். ஊரில் அந்த இயந்திரம் இல்லாததால் மூட்டை மூட்டையாக உமியோடு விற்று, விலையில் பாதியை வெளியே விட்டுக்கொண்டிருந்தார்கள். சொந்தமாக இயந்திரம் வாங்கக் கடன் கேட்டுப் போனபோது, வங்கியில் பதிவு ஆவணத்தை விரித்து ஒரு வரியின் கீழ் பென்சிலை வைத்தார்கள்: 'சிறுதானியச் சாகுபடியை ஊக்குவித்தல்.' "சாகுபடின்னுதான் இருக்கு. உமி எடுக்கிறது இதுல எங்க வருது?" அந்த ஒரு வரிக்காகப் பொதுக்குழு கூட்டி, சிறப்புத் தீர்மானம் போட்டு, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்கு அலைந்து முடிவதற்குள் அறுவடை முடிந்துவிட்டது. அந்த வருடமும் உமியோடுதான் விற்றார்கள்.

ஆகவே, நாம் சொல் தேடுவது வெறும் முகவுரைக்கு இல்லை. வேலி போடுகிற ஷரத்து ஒன்றுக்குத் தேடுகிறோம். சட்டம் இதை எவ்வளவு கண்டிப்பாகப் பார்த்திருக்கிறது என்பதற்கு இரண்டு வழக்குகள் போதும்.

முதலாவது 1875-இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை (அன்று அங்கே உச்ச நீதிமன்றம் அதுதான்) தீர்த்த ஆஷ்பரி இரயில்வே கேரேஜ் கம்பெனி வழக்கு. இரயில் பெட்டிகள் செய்து விற்பதும், இயந்திரப் பொறியாளர், பொது ஒப்பந்ததாரர் தொழில் செய்வதும் என்று கம்பெனியின் ஆவணத்தில் இருந்தது. கம்பெனி பெல்ஜியத்தில் இரயில் பாதை போடும் வேலைக்குப் பணம் தர ஒப்பந்தம் செய்துவிட்டது. 'பொது ஒப்பந்ததாரர்' என்ற சொல்லுக்குள் இதுவும் அடங்கும் என்று வாதாடினார்கள். பக்கத்தில் நிற்கும் 'இயந்திரப் பொறியாளர்' என்ற சொல்லோடு சேர்த்துத்தான் அதைப் படிக்க வேண்டும் என்று சபை சொல்லிவிட்டது. பங்குதாரர் அத்தனை பேரும் சேர்ந்து கைதூக்கினாலும் அந்த ஒப்பந்தம் உயிர்பெறாது என்பது தீர்ப்பு. வழக்கு முழுவதும் ஒரு சொல்லின் அகலத்தைப் பற்றியதுதான்.

இரண்டாவது நம் சென்னையில் முளைத்தது. யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி 1955-இல் ஓர் அறக்கட்டளைக்கு 2 லட்சம் ரூபாய் கொடுத்தது. பின்னாளில் அந்தக் கம்பெனியின் தொழிலை எடுத்துக்கொண்ட எல்.ஐ.சி. அதைக் கேள்வி கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. லட்சுமணசாமி முதலியார் எதிர் எல்.ஐ.சி. என்று 1963-ஆம் ஆண்டின் தீர்ப்பேடுகளில் இருக்கிறது. கொடுத்தது நல்ல காரியத்துக்குத்தான், பங்குதாரர் தீர்மானமும் இருந்தது. ஆனாலும் காப்பீட்டுத் தொழிலை நடத்தும் நோக்கத்துக்கு அது துணை இல்லை, ஆகவே செல்லாது என்றது நீதிமன்றம். பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு அதில் சம்பந்தப்பட்ட ஆட்களின் தலையில் விழுந்தது. பணத்தைக் கையாளும் அதிகாரம் இருப்பது வேறு, இன்னதற்காகக் கையாளலாம் என்ற நோக்கம் இருப்பது வேறு என்ற பாகுபாட்டை இவ்வளவு துலக்கமாகக் காட்டும் வழக்கு வேறொன்றை நான் படித்ததில்லை.

இனி சொற்களுக்கு வருகிறேன்.

'குறிக்கோள்' என்பது எட்டவேண்டிய ஒன்று. எட்டியதும் முடிந்துவிடும். 'இலக்கு' இன்னும் மோசம். இந்த ஆண்டு நெல் கொள்முதல் இலக்கு இத்தனை டன் என்று எண்ணிக்கையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. சங்கம் இருக்கும்வரை கூடவே இருப்பது நோக்கம்தான். ஆனால் 'நோக்கம்' தனியாக நின்றால் ஆளின் மனதுக்குள் போய்விடுகிறது: உள்நோக்கம், கெட்ட நோக்கம். குற்றவியலில் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவும் (common intention) 149-ஆம் பிரிவும் (common object) வேறுவேறு கருத்துகள் (இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 3(5), 190). தமிழில் எழுதும்போது இரண்டையும் 'பொது நோக்கம்' என்றே பலர் எழுதிவிடுவதை வழக்கறிஞர் நண்பரே பார்த்திருப்பார்.

அதனால் ஷரத்தின் பெயராக *நோக்கவரம்பு* என்ற கூட்டுச்சொல்லை முன்வைக்கிறேன். எல்லை தாண்டிய செயலை 'வரம்பு மீறியது' என்றுதான் இன்றும் மனுக்களில் எழுதுகிறோம். மீறலுக்கு அந்தச் சொல் இருக்கும்போது, மீறப்படும் பொருளுக்கும் அதே சொல் இருப்பதுதான் முறை. தவிர, வரம்பும் வரப்பும் ஒன்றே. எங்கள் பக்கம் ஒரு விவசாயிக்கு வரப்பு என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது செயல்பாட்டுக்கு மாற்று. ஆங்கிலத்தில் function என்று ஒரே சொல். தமிழில் அது துறைக்குத் துறை பிரிந்துவிட்டது. கணக்குப் பாடத்தில் சார்பு, கணினிப் பாடத்தில் செயற்கூறு, உயிரியலில் உறுப்பின் பணி. இலங்கைத் தமிழர் தொழிற்பாடு என்பார்கள். அது நல்ல சொல். ஆனால் இங்கே 'தொழில்' என்ற எழுத்தைப் பார்த்ததுமே சங்கம் வியாபாரம் செய்கிறதோ என்று வருமான வரிக்காரர் கேட்பார். 'பணி' என்று விட்டுவிடலாம்தான். ஒப்பந்தத்தில் அதற்கும் இடைஞ்சல் உண்டு: 'பணியை முடித்து ஒப்படைக்க வேண்டும்' என்று ஐந்தாம் ஷரத்தில் வரும் பணி, எதிர்த்தரப்புக்குச் செய்துகொடுக்கும் வேலை. சங்கம் தன் உறுப்பினருக்காகச் செய்யும் பணி வேறு. இரண்டும் ஒரே சொல்லில் இருந்தால் நாளை தகராறு. ஆகவே தன்வினை என்பதுபோல, அமைப்பு தனக்கென வைத்திருக்கும் பணியைத் *தன்பணி* என்றும், மற்றதை *ஒப்பந்தப்பணி* என்றும் சொல்லலாமா? கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து

* * *

வழக்கறிஞர் ஐயாவுக்கு,

நேற்று இரவே பதில் எழுதியதற்கு நன்றி. நீங்கள் சொன்னவற்றில் இரண்டை எடுத்துக்கொள்கிறேன்.

> 'தன்பணி' என்றால் சொந்த வேலையாகப் போனேன் என்பதுபோல் கேட்கிறது. சங்கச் செயலாளர் தன் சொந்த வேலையைச் சங்கக் கணக்கில் எழுதினார் என்று யாராவது வழக்குப் போட்டால் நானே குழம்புவேன்.

ஒப்புக்கொள்கிறேன். தன்வினையின் அழகில் மயங்கிவிட்டேன். 'தன்பணி'யைத் திரும்பப் பெறுகிறேன். அமைப்பின் பெயரையே முன்னால் ஒட்டிவிடலாம்: *சங்கப்பணி*, *அறக்கட்டளைப்பணி*, *நிறுவனப்பணி*. ஒப்பந்தத்தில் யாருடைய பணி என்பதுதான் கேள்வி. அதற்குச் சொல்லுக்குள்ளேயே விடை வந்துவிடுகிறது.

> 'வரம்பு' என்றதும் சங்கத்தார் பயப்படுவார்கள். கையைக் கட்டும் சொல்லாக இருக்கிறது.

இதை மட்டும் ஏற்கமாட்டேன். கையைக் கட்டும் ஷரத்துக்குக் கட்டாததுபோல் பெயர் வைத்ததால்தான் அந்தச் சங்கம் 'சாகுபடி' என்ற ஒரு சொல்லோடு நிறைவடைந்து கையெழுத்துப் போட்டது. வரம்பு என்று தலைப்பு இருந்திருந்தால், 'நம் வரப்பு எதுவரை' என்று யாராவது கேட்டிருப்பார்கள். வரப்புக்கு இன்னொரு வேலையும் உண்டே ஐயா. அடுத்தவர் ஏர் அதற்குள் வராது. நாளைக்கு நிர்வாகிகள் மாறி, சங்கப் பணத்தை நிலத்தில் போடலாம் என்று கிளம்பினால், சாதாரண உறுப்பினர் ஒருவர் எழுந்து சுட்டிக்காட்ட அந்தத் தலைப்பு வேண்டும்.

நேற்று எழுத மறந்த ஒன்று, பெயரைவிட இதுதான் முக்கியம் என்று இப்போது தோன்றுகிறது. நம் சங்க ஆவணங்களில் எல்லாமே 'தல்' என்று முடிகிறது: ஊக்குவித்தல், மேம்படுத்துதல், ஏற்பாடு செய்தல், கடன் பெறுதல். எது நோக்கம், எது பணி, எது அதிகாரம் என்று வினையை வைத்துப் பிரிக்கவே முடியாது. யார் செய்வது என்பதும் அதில் இல்லை. தமிழ் இலக்கணமோ மூன்றுக்கும் மூன்று முடிவுகளைக் கையில் கொடுத்திருக்கிறது. நோக்கத்துக்குத் 'தல்' இருக்கட்டும்; அதற்குக் காலமும் ஆளும் தேவையில்லை. பணிக்கு எழுவாயோடு 'சங்கம் வாங்கும்', 'சங்கம் வழங்க வேண்டும்' என்று முற்றுவினை வரட்டும். அதிகாரத்துக்கு 'சங்கம் கடன் பெறலாம்' என்று 'லாம்' வரட்டும். 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் 110-ஆம் பிரிவு ஊராட்சி செய்தாக வேண்டியவற்றையும், 111-ஆம் பிரிவு செய்யலாம் என்பவற்றையும் தனித்தனியே வைத்திருக்கிறது. தெருவிளக்கு எரியாவிட்டால் சண்டை போடலாம், பூங்கா இல்லாவிட்டால் கேட்டுப் பார்க்கலாம் என்பது ஊர்க்காரருக்குத் தெரியும். அந்த வேறுபாடு முழுவதும் 'வேண்டும்', 'லாம்' என்ற இரண்டு முடிவுகளில் அடங்குகிறது.

தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், 'தொறு மீட்டுப் பட்டான்' (மாட்டு மந்தையை மீட்டு இறந்தான்) என்று வெட்டியிருப்பார்கள். மீட்டல், படுதல் என்று எழுதவில்லை. ஆள் இருக்கிறான், செயல் முடிந்திருக்கிறது. கல்லில் எழுதியவருக்கு இடமும் குறைவு, உளிவேலையும் அதிகம். அப்படியும் வினையை முற்றாகத்தான் முடித்தார்.

ஓசூர் அம்மா கேட்டிருந்த மாதிரி வரைவு இது. மாங்கூழ் தொழிற்சாலையோடு ஒப்பந்தம் போடும் மா விவசாயிகளுக்கும் சரக்கின் பெயரை மாற்றினால் பொருந்தும்.

1. நோக்கவரம்பு: உறுப்பினர்கள் விளைவிக்கும் சிறுதானியங்களைப் பதப்படுத்தி விற்பதன் மூலம் அவர்களின் வருமானத்தை உயர்த்துதல், அதற்குத் துணையானவற்றைச் செய்தல்.

2. சங்கப்பணிகள்: உறுப்பினர் கொண்டுவரும் தானியத்தைச் சங்கம் எடை போட்டு வாங்கும். உமி நீக்கித் தரம் பிரிக்கும். விற்ற தொகையைக் கணக்கோடு உறுப்பினருக்கு வழங்க வேண்டும்.

3. அதிகாரங்கள்: மேற்கண்ட நோக்கவரம்புக்கு உட்பட்டுச் சங்கம் கடன் பெறலாம், இயந்திரம் வாங்கலாம், பிறரோடு ஒப்பந்தம் செய்யலாம்.

4. இந்த ஒப்பந்தத்தில் 'ஒப்பந்தப்பணி' என்பது இரண்டாம் தரப்பினருக்காகச் சங்கம் ஏற்கும் வேலையை மட்டும் குறிக்கும், சங்கப்பணிகளைக் குறிக்காது.

'துணையானவற்றை' என்ற சொல்லை அளந்துதான் போட்டிருக்கிறேன். 'மற்ற அனைத்தையும்' என்று எழுதினால் வரப்பையே உழுதுவிட்டதாகும். 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 4-ஆம் பிரிவும் நோக்கங்களையும் அவற்றை முன்னெடுக்கத் தேவையானவற்றையும்தான் எழுதச் சொல்கிறது.

மதுரை ஐயா 'ஷரத்து' வேண்டாம், 'கூறு' போதும் என்று கேட்டிருந்தார். எனக்கு ஷரத்து பிடிக்கும். பத்திரத்தோடு பிறந்து வளர்ந்த சொல். அதை இன்னொரு இழையில் பேசலாம்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் இந்த நான்கு பத்திகளையும் வாசித்துக் காட்டப்போகிறேன். பொருளாளர் அக்கா எந்தச் சொல்லில் நிறுத்துகிறார் என்பதைத் திங்களன்று எழுதுகிறேன்.