பன்றிப் பண்ணையில் நோய் பார்ப்பதற்கு என்ன சொல்?

மோக்கா, தமிழாசிரியை:

சொல்லாக்கக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். உயர்நிலை மாணவர்களுக்கான அறிவியல் வாசிப்புப் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பன்றிப் பண்ணைகளில் தொற்றுநோயை முளையிலேயே கண்டுபிடிப்பதைப் பற்றி எழுதியிருக்கிறேன். 2007-இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் முதன்முறையாக நம் மொரிசியஸ் தீவுக்குள் வந்தபோது இந்தப் பிள்ளைகள் பிறந்திருக்கவே இல்லை. அதே ஆண்டு ஜார்ஜியாவுக்குள் நுழைந்த நோய் 2018-இல் சீனாவையும் 2019-இல் மியான்மரையும் எட்டியது. மனிதருக்குத் தொற்றாது, பன்றிக்கு வந்தால் தீர்க்கும் மருந்து இல்லை. முதல் பன்றி விழும்போதே தெரிந்துகொண்டால்தான் அடுத்த பண்ணையைக் காப்பாற்ற முடியும்.

நோய் வருகிறதா என்று விடாமல் பார்த்துவருவதை ஆங்கிலத்தில் சர்வைலன்ஸ் என்கிறார்கள். அதற்குக் ‘கண்காணிப்பு’ என்று எழுதினேன். அதைப் படித்த மாணவர்கள் கடைகளில் மாட்டியிருக்கும் கேமராவைச் சொல்கிறார்கள். மேலும் அதில் ஆக்டிவ், பாசிவ் என்று இரண்டு வகை. ‘செயலற்ற கண்காணிப்பு’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. உதவுங்கள்.

யாங்கோன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

அம்மா, உங்கள் மனம் தயங்கியது சரி. கண்காணிப்பு என்றதும் எனக்குக் கங்காணிதான் கண்முன் நிற்கிறார். இலங்கையிலும் மலாயாவிலும் கங்காணி, எங்கள் பர்மாவில் மேஸ்திரி, உங்கள் கரும்புத் தோட்டங்களில் சிர்தார். பெயர்தான் வேறு, தலைக்கு மேல் நின்று ஆள் கணக்கு எடுத்த வேலை ஒன்றே. நோயைப் பார்க்க வருகிறவருக்கு அந்தப் பெயரைச் சூட்ட வேண்டாம்.

வள்ளுவர் ‘நோய்நாடி’ என்று தொடங்கி நோய்முதலையும் நாடச் சொல்கிறார். ‘நோய்நாடல்’ என்று வையுங்கள். நாடுதல் என்றால் தேடுதல், ஆராய்தல், விரும்பிச் செல்லுதல். கையைப் பிடித்துப் பார்க்கும் நாடியும் இந்த வினையிலிருந்தே வந்தது என்பது என் துணிபு.

போர்ட் லூயி, ஓய்வுபெற்ற நூலகர்:

ஐயாவின் நோய்நாடல் அழகு. ஆனால் நாடுதல் நோய் வந்த பிறகு செய்வது. வருமுன் அறிவதற்குத் தொல்காப்பியர் தந்த சொல் இருக்கிறது. ஆநிரை கவரும் போரைச் சொல்லும் வெட்சித் துறைகளில் ‘ஒற்றின் ஆகிய வேயே’ என்கிறார். பகைவர் நிலையை மறைந்திருந்து அறிவது வேய். இன்று நாம் சொல்லும் வேவு இதன் வழிவந்தது. மொரிசியசில் நாம் அன்றாடம் பேசும் கிரியோல் மொழியைக் கேளுங்கள்: பிள்ளையைப் பார்த்துக்கொள், கடையைப் பார்த்துக்கொள் என்பதற்கு ‘வேயே’ என்கிறோம். அதே ஒலி, அதே பொருள்! நம் முன்னோர் கப்பலில் கொண்டுவந்த சொல் கிரியோலுக்குள் குடியேறியிருக்கிறது என்று நான் நம்புகிறேன். ‘நோய்வேய்’ என்று ஆள்வோம். பன்றிக்குட்டி என்றும் எழுத வேண்டாம். நாய், பன்றி, புலி, முயல் நான்கின் இளமைக்கும் ‘குருளை’ என்று தொல்காப்பிய மரபியல் வகுத்திருக்கிறது.

ரியூனியன், சென்-தெனி, பிரெஞ்சு ஆசிரியர்:

நூலகர் ஐயா பொறுத்தருள வேண்டும். கிரியோலின் வேயே பிரெஞ்சின் ‘வெய்யே’. அதற்கு மூலம் லத்தீனின் ‘விகிலாரே’, விழித்திருத்தல். சர்வைலன்ஸ் என்ற சொல்லின் பின்பாதியும் அதுவே. ஒலி ஒத்துப்போனது தற்செயல். மூலச்சொல்லில் இருப்பது ஒற்று அல்ல, விழிப்பு. ‘நோய் விழிப்பு’ என்றால் என்ன?

பீட்டர்மாரிட்ஸ்பர்க், கால்நடை மருத்துவர்:

பண்ணைக்குள் நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். பிறகு சொல்லுக்கு வரலாம்.

நோயை முதலில் பார்ப்பவர் மருத்துவர் அல்ல, தீவனம் போடுகிறவர். காலையில் தொட்டிச் சத்தம் கேட்டதும் முட்டிமோதி வர வேண்டிய பன்றிகள் வராமல் மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துக் கிடக்கும். உடல் சூடு 41 டிகிரி வரை ஏறியிருக்கும். காது நுனி சிவந்து, பிறகு கருநீலமாகும். இதைக் கண்டவர் அன்றே போன் செய்தால் நோய் ஒரு பண்ணையோடு நிற்கும். பயந்துபோய் மிச்சப் பன்றிகளை அவசரமாக விற்றுவிட்டால் லாரியோடு நோயும் போகும். மந்தை முழுவதையும் கொன்று புதைக்கச் சொல்வார்கள், இழப்பீடு எப்போது வருமோ என்ற அச்சம் அவருக்கு நியாயமாகவே இருக்கிறது. அப்படிப்பட்டவரிடம் போய் ‘வேவு’ என்ற சொல்லோடு நின்றால் கதவு திறக்காது. நூலகர் ஐயா இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பண்ணையாளர் தாமே வந்து சொல்வதைத்தான் பாசிவ் என்கிறார்கள். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரின் பார்வையில் வைத்த பெயர் அது. அதைச் ‘செயலற்ற’ என்று தமிழில் எழுதினால், உண்மையில் செயல்படுகிற ஒரே மனிதரை அவமதிக்கிறோம்.

ஆக்டிவ் என்பது நாங்கள் தேடிப்போவது. ஊசியோடுதான் போக வேண்டும் என்பதில்லை. கொட்டிலில் பன்றியின் தோள் உயரத்துக்குத் தடித்த பருத்திக் கயிறு ஒன்றைத் தொங்கவிடுவோம். புதிதாக எதைக் கண்டாலும் கடித்துப் பார்க்கும் விலங்கு அது. அரை மணி நேரத்தில் கயிறு எச்சிலில் ஊறிவிடும். நுனியைப் பிளாஸ்டிக் பைக்குள் விட்டுப் பிழிந்தால் அந்தக் கொட்டிலில் பல பன்றிகளின் மாதிரி ஒரே குழாயில் கிடைக்கும். அதை, வைரஸின் மரபணுவைக் கண்டறியும் பிசிஆர் சோதனைக்கு அனுப்புவோம். இங்கே தென்னாப்பிரிக்காவின் வடபகுதியில் வார்ட்ஹாக் காட்டுப்பன்றிகளும் அவற்றின் வளைகளில் வாழும் உண்ணிகளும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸைத் தாங்கியிருக்கின்றன. அவை நோயில் விழுவதில்லை. அதனால் 1935 முதலே அங்கு கட்டுப்பாட்டு மண்டலம் உண்டு.

மனிதருக்குத் தொற்றாத நோய்தானே என்று பாடத்தை அதோடு முடித்துவிடாதீர்கள், அம்மா. 1998–99-இல் மலேசியாவில் நிபா வைரஸ் நோய் வந்தபோது பன்றிகள் கடுமையாக இருமின. மனிதருக்கு வந்ததை முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பத்து லட்சம் பன்றிகளைக் கொன்றார்கள். பன்றியின் இருமலுக்கு முன்பே காதுகொடுத்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்!

என் முன்மொழிவு: ‘தேடுமுறைக் கண்காணிப்பு’, ‘தெரிவிமுறைக் கண்காணிப்பு’. பின் ஒட்டாக எந்தச் சொல் வந்தாலும் சரி, தேடுமுறையும் தெரிவிமுறையும் இருக்கட்டும். நாடித்துடிப்பின் நாடி வடசொல் என்பதையும் யாங்கோன் ஐயாவுக்குப் பணிவோடு சொல்லிவைக்கிறேன்.

ரோஸ் ஹில், மொழிபெயர்ப்பாளர்:

தெரிவிமுறை பிரமாதம், டாக்டர். கேட்டவுடனே யார் யாரிடம் தெரிவிக்கிறார் என்று புரிகிறது.

கண்காணிப்பை விட வேண்டாம் என்பது என் கருத்து. நம் பிள்ளைகளுக்குத் தமிழ், வீட்டில் கிரியோலும் பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் படித்துவிட்டு வாரத்தில் சில மணி நேரம் சந்திக்கும் மொழி. செய்தித்தாளில் பார்க்கும் சொல்லே பாடத்திலும் இருந்தால்தான் ஒட்டும். குருளை, வேய் என்று ஒரே பக்கத்தில் வைத்தால் நோயைப் பற்றி அவர்கள் எதையுமே படிக்கப்போவதில்லை. கேமரா நினைவுக்கு வந்தால் வரட்டும். ‘நோய்க்’ என்று முன்னால் சேர்த்தால் தெளிந்துவிடும்.

போர்ட் லூயி, ஓய்வுபெற்ற நூலகர்:

எளிமை எளிமை என்று சொல்லியே எத்தனை சொற்களைப் புதைத்துவிட்டோம்! கணினியும் ஒருநாள் புரியாத சொல்லாகத்தான் இருந்தது. ஆளாமல் எந்தச் சொல்லும் பழகாது. லத்தீன் மூலத்தை ஏற்கிறேன். கிரியோல் பற்றிய என் கருத்தை விட்டுவிடுகிறேன். வேய் தமிழ்ச்சொல் என்பது அதனால் பொய்யாகிவிடாது. ஒற்றாடலை அரசனின் கண் என்றுதான் குறள் சொல்கிறது, இழிவாகச் சொல்லவில்லை. பகை இங்கே நோய், பண்ணையாளர் அல்லர்.

யாங்கோன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

நாடி வடசொல் என்று டாக்டர் சொல்வதை நான் ஏற்கவில்லை, தனிமடலில் எழுதுகிறேன். கண்காணிப்பே வெல்லும் போலிருக்கிறது. பாடத்துக்குள் ஓரிடத்திலாவது நோய்நாடல் வரட்டும், அம்மா. எங்கள் ஊர்களில் வீட்டுக்குப் பின்னால் இரண்டு மூன்று பன்றி வளர்ப்பவர்களே அதிகம். அவர்களிடம் பேச அந்தச் சொல்தான் உதவும்.

மோக்கா, தமிழாசிரியை:

அனைவருக்கும் நன்றி. தலைப்பில் ‘பன்றிப் பண்ணைகளில் நோய்க் கண்காணிப்பு’. உள்ளே தேடுமுறை, தெரிவிமுறை இரண்டையும் டாக்டரின் விளக்கத்தோடு வைத்துவிட்டேன். கயிற்றுச் சோதனைக்குத் தனிப்படம் வரைந்து தர ஒரு மாணவி ஒப்புக்கொண்டிருக்கிறாள். நோய்நாடல், மருத்துவர் கொட்டிலுக்குள் நுழையும் பத்தியில் வருகிறது. பன்றிக்குட்டி அப்படியே இருக்கிறது. நூலகர் ஐயா மன்னிக்க வேண்டும்.

இன்னும் ஒன்று மிச்சம். உணவகங்களில் மிஞ்சியதைப் பன்றிக்குப் போடுவதும் நோய் பரவ ஒரு பெரிய வழி. அதைக் கொதிக்க வைக்காமல் போடக் கூடாது என்று எழுத வேண்டும். ‘எச்சில் தீவனம்’ என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

போர்ட் லூயி, ஓய்வுபெற்ற நூலகர்:

எச்சில் வேண்டாம், வாய்பட்டது மட்டுமே எச்சில். இந்தத் தீவனத்திலோ சமையற்கட்டில் மிஞ்சியதும் சேரும். ‘மிச்சில்’ என்று பழைய சொல் இருக்கிறது. நோய்வேய் பற்றிய என் மாறுபாட்டைக் குழுவின் சொற்பட்டியலில் பதிந்துவையுங்கள்.