லேகியத்தை நிறுத்தியாயிற்று, மாமியாரிடம் எப்படிச் சொல்வது?

அக்காமார்களே, ஒரு உதவி வேண்டும். சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் என் தங்கைக்கு இது ஐந்தாவது மாதம். பிள்ளை திடமாகப் பிறக்கட்டும் என்று அவள் மாமியார் ஊரிலிருந்து லேகியம் கொடுத்தனுப்பியிருக்கிறார். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில், கறுப்பாக, மேலே நெய் மிதக்க. லேபிளே இல்லை. மூன்று வாரமாகக் காலையும் இரவும் சாப்பிட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதான் என் கண்ணில் பட்டது. "பஸ்பம் சேர்த்ததாம்" என்றதும் எனக்குப் பகீரென்றது. பஸ்பம் என்பது உலோகம், தாது போன்றவற்றைப் புடம்போட்டு எடுக்கும் பொடி; சில பஸ்ப மருந்துகளில் ஈயமும் பாதரசமும் இருப்பதுண்டு. இரண்டுமே நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய்க் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கக்கூடியவை. உடனே நிறுத்தச் சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம், பாட்டிலையும் கையோடு கொண்டுபோகிறோம். அதற்குள் ரத்தப்போக்கு, விடாத தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் என்று எது வந்தாலும் காத்திருக்காமல் நேராகக் கேகே மகளிர், குழந்தைகள் மருத்துவமனைக்குப் போய்விடச் சொல்லியிருக்கிறேன்.

ரத்தத்தில் ஈயம் பார்க்கும் பரிசோதனையை இங்கே யாராவது செய்திருக்கிறீர்களா? எவ்வளவு ஆனது, முடிவு வர எத்தனை நாள்? அப்புறம், மாமியார் அடுத்த மாதம் வருகிறார். பாசத்தில் செய்தவர், மனம் நோகக் கூடாது. இப்படி ஒரு பேச்சைப் பேசிக் கடந்தவர்கள் எப்படி ஆரம்பித்தீர்கள் என்று சொல்லுங்களேன்.