குன்னூர் எஸ்டேட் பங்களாவில் 40 பேர் கல்யாணம்: எப்படி எடுப்பது?

கரூர் கதிரவன் எழுதியது:

வணக்கம். கரூரில் பதினோரு வருஷமாகக் கல்யாணப் போட்டோ எடுக்கிறேன். எல்லாமே மண்டபக் கல்யாணம். எண்ணூறு, ஆயிரம் பேர், மேடை, இரண்டு பக்கமும் பெரிய லைட். முகூர்த்தத்துக்கு அரை மணி முன்னால் இடம் பிடித்து நின்றுவிட்டால் மீதியைக் கை பார்த்துக்கொள்ளும்.

இப்போது வந்திருப்பது வேறு மாதிரி வேலை. ஜனவரி இரண்டாவது சனிக்கிழமை, குன்னூர். இரண்டுமே சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்கள். பெண் வீடு பாளையங்கோட்டை, மாப்பிள்ளை வீடு கோயம்புத்தூர். மொத்தமே 40 பேர். பகல் 2 மணிக்குச் சர்ச்சில் ஆராதனை. 4 மணிக்கு ஒரு பழைய தேயிலை எஸ்டேட் பங்களாவின் புல்வெளியில் டீ. இரவு ஒரே நீள மேசையில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பாடு, பெரியவர்கள் பேச்சு. ஆண்கள் எல்லோரும் கோட் சூட்.

பெண் போனில் சொன்னது இதுதான்: "அண்ணா, படத்துக்காக யாரும் எதையும் இரண்டாம் தடவை செய்ய வேண்டாம்." அவர் சொன்னது பிடித்திருந்தது, பயமாகவும் இருக்கிறது. மண்டபத்தில் தாலி கட்டும்போது கொஞ்சம் நிறுத்தச் சொல்லிப் பழகிய ஆள் நான்.

பனிமூட்டம் வந்தால் என்ன செய்வது? சர்ச்சில் ஃபிளாஷ் கூடாது என்கிறார்கள். சாப்பாட்டு அறை முழுக்க மரப்பலகை, நல்ல இருட்டு. மாப்பிள்ளையின் தம்பி ட்ரோன் கேட்கிறார். நானும் இன்னொரு பையனும் மட்டும் போகிறோம், போதுமா? மலையில் எடுத்தவர்கள் சொல்லுங்கள்.

குன்னூர்வாசி எழுதியது:

தம்பி, இரண்டு பேர் போதும். மூன்றாவது ஆளைக் கூட்டி வர வேண்டாம். ஆயிரம் பேர் கூடும் மண்டபத்தில் போட்டோக்காரர் யார் கண்ணிலும் படமாட்டார். 40 பேர் இருக்கும் அறையில் உங்கள் செருப்புச் சத்தம்கூடக் கேட்கும். நீங்களும் கோட் போடுங்கள், ரப்பர் அடி வைத்த கறுப்பு ஷூ போடுங்கள். அப்புறம், 40 பேரின் பெயரையும் உறவையும் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். யார் தாய்மாமா, யார் யாரோடு பேசி வருஷக்கணக்கானது என்பது தெரிந்தால்தான் யார் முகத்தை எப்போது பார்க்க வேண்டும் என்று தெரியும்.

மாதத்தைப் பொறுத்தவரை கவலை இல்லை. குன்னூர் கிழக்குச் சரிவு, எங்களுக்கு மழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில்தான். நவம்பர் என்றால் தேதியை மாற்றச் சொல்லியிருப்பேன். ஜனவரியில் வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். சூரியன் மறைவது ஆறேகால் வாக்கில். ஆனால் அந்த நேரத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். பங்களா எந்தச் சரிவில் இருக்கிறது என்பதைப் பொறுத்து, எதிர் மலை ஒரு மணி நேரம் முன்னாலேயே வெயிலை எடுத்துவிடும். முதல் நாளே போய், புல்வெளியை விட்டு வெயில் எத்தனை மணிக்குப் போகிறது என்று நின்று பாருங்கள். அந்த நேரத்துக்கு முந்தைய இருபது நிமிஷம்தான் மணமக்களைத் தனியாக எடுக்க.

தேயிலைச் செடிக்கு நடுவில் நிற்க வைக்கத் தோன்றும். இரண்டு காரணத்துக்காக வேண்டாம் என்பேன். வெயில் பச்சை இலையில் பட்டுத் திரும்பினால் தாடையிலும் வெள்ளைப் புடவையிலும் பச்சை ஏறும், பிறகு கணினியில் எடுப்பது பெரும்பாடு. தவிர, செடிகளுக்கு இடையே இருப்பது கொழுந்து பறிப்பவர்கள் நடக்கும் ஒற்றையடி இடைவெளி. வெட்டிய கிளை குத்தும், பெண் தலையில் போடும் நெட் சிக்கிக் கிழியும். எஸ்டேட் மண் ரோட்டில் நிறுத்துங்கள். தேயிலையும் சில்வர் ஓக் மரங்களும் பின்னால் இருக்கட்டும். மாலையில் தோட்டத்துக்குள் போவதானால் காவலாளியைக் கேட்காமல் போகாதீர்கள், காட்டெருமை சாதாரணமாக மேயும் இடம்.

பனிமூட்டம் வந்தால் கொடுத்து வைத்தவர் நீங்கள். அதைவிட மெல்லிய வெளிச்சம் எந்த லைட் குடையிலும் வராது. கேமரா மீட்டர் பனியைப் பார்த்து ஏமாந்து படத்தை இருட்டாக்கும், வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) அரை ஸ்டாப்புக்கு மேல் கூட்டி வையுங்கள். ஃபோகஸ் தடுமாறும். கறுப்புக் கோட்டும் வெள்ளை நெட்டும் சேரும் விளிம்பில் பிடியுங்கள்.

இதைக் கட்டாயம் கேளுங்கள். சில வருஷம் முன்பு இதே மாதிரி ஒரு பங்களாவில், வெளியே குளிரில் ஒரு மணி நேரம் எடுத்துவிட்டு, கணப்பு எரிந்துகொண்டிருந்த கூடத்துக்குள் அவசரமாக நுழைந்தேன். லென்ஸ் முழுக்க ஆவி. துடைக்கத் துடைக்க மறுபடி படிந்தது. பெண்ணின் அப்பா எழுந்து பேசியது நாலு நிமிஷம், அந்த நாலு நிமிஷமும் என்னிடம் ஒரு படம் இல்லை. அவர் அடுத்த வருஷம் காலமாகிவிட்டார். அன்றிலிருந்து இரண்டாவது கேமராவை அந்த அறையிலேயே பிற்பகலிலிருந்து வைத்துவிடுகிறேன். வெளியே எடுத்ததைப் பையில் போட்டு ஜிப்பை மூடித்தான் உள்ளே கொண்டு வருவேன், அரை மணி நேரம் திறப்பதில்லை.

மரப்பலகை அறையில் ஃபிளாஷைக் கூரையில் அடித்தால் முகமெல்லாம் காப்பி நிறம் ஆகும். அடிக்க வேண்டாம். பங்களா மேலாளரிடம் இப்போதே பேசி, அந்த அறையில் எல்லா பல்பும் ஒரே மஞ்சள் நிறமாக, 2700 கெல்வின், மாற்றச் சொல்லுங்கள். ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள் என்று இருப்பதுதான் வினை. இருட்டுக்கு ஏற்ற எஃப் 1.8 லென்ஸ் இரண்டு (35, 85 மி.மீ.) வையுங்கள், கேமராவின் ஒளி உணர்திறனை (ஐஎஸ்ஓ) 6400 வரை பயப்படாமல் கூட்டுங்கள். வாயில் உணவு இருக்கும்போது எடுக்காதீர்கள். ஒரு பதார்த்தம் முடிந்து அடுத்தது வருவதற்குள்தான் ஆட்கள் சாய்ந்து உட்கார்ந்து சிரிப்பார்கள்.

ட்ரோன் வேண்டாம். பக்கத்திலேயே வெலிங்டன் ராணுவக் குடியிருப்பு, அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை. ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தை மாப்பிள்ளையின் தம்பியிடமே காட்டிவிடுங்கள், சிவப்பு மண்டலத்தில் பறக்க மத்திய அரசின் அனுமதி வேண்டும். கரூர் வண்டிக்கு இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள், 2024 மே 7 முதல் நீலகிரிக்கு உண்டு.

பாளை ஜெபா எழுதியது:

சர்ச் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், என் அப்பா ஆயராக இருந்தவர். ஓலை (சர்ச்சில் கல்யாண அறிவிப்பு) வாசிக்கும் வாரங்களிலேயே அந்தச் சபை ஆயரிடம் போனில் பேசிவிடுங்கள். எங்கே நிற்கலாம், எதுவரை வரலாம் என்று அவரையே கேளுங்கள். திருவிருந்து மேசைப் பக்கம் போகக் கூடாது என்பார், ஆனால் பாடகர் இருக்கை ஓரம் ஒரு இடம் பெரும்பாலும் தருவார். அங்கிருந்து தாலி கட்டும்போது இரண்டு முகமும் தெரியும். ஜெபத்தின்போது கேமராவை இறக்கிவிடுங்கள். கண்ணை மூடியிருப்பவர்களுக்குச் சத்தம் இரண்டு மடங்காகக் கேட்கும்.

சத்தமில்லாத ஷட்டர் போட்டால் எல்இடி விளக்கில் படத்தில் கோடு விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்துப் பாருங்கள். முதல் நாள் விளக்கைப் போடச் சொல்லி நாலு படம் எடுத்துவிட்டால் நிம்மதி.

பதிவேட்டில் கையெழுத்துப் போடும் இடத்தை விட்டுவிடாதீர்கள். 1872ஆம் வருஷத்துக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி சாட்சிகள் இருவரும் கையெழுத்திட வேண்டும். பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்கள்தான் வருவார்கள். மேசை மூலையில் இருக்கும், ஜன்னல் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்த்து வையுங்கள்.

கரூர் கதிரவன் எழுதியது:

கல்யாணம் முடிந்து கரூர் வந்துவிட்டேன். இரண்டு பேருக்கும் நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வெயில் புல்வெளியை விட்டுப் போனது 5.05க்கு. முதல் நாள் நின்று பார்த்திராவிட்டால் ஐந்தரைக்குத்தான் மணமக்களைக் கூப்பிட்டிருப்பேன். பனி வரவே இல்லை. பல்பு பன்னிரண்டும் மேலாளர் மாற்றி வைத்திருந்தார். குடும்பப் படங்கள் பதினான்கு வரிசைதான், பெயர் தெரிந்ததால் இருபத்தைந்து நிமிஷத்தில் முடிந்தது. என் பையன் "பெரியம்மா, நீங்கள் இந்தப் பக்கம்" என்று கூப்பிட்டதும் அவர்களே ஆச்சரியப்பட்டார்கள்.

தாலி கட்டும்போது பின்னலில் விரல் சிக்கி மாப்பிள்ளைக்கு முடிச்சு சரியாக விழவில்லை. நிறுத்தச் சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை. அவருடைய அக்கா குனிந்து நெட்டைத் தூக்கிப் பிடித்தார், பெண் சிரித்துவிட்டாள், ஆயரும் சிரித்தார். நாலு படம் கிடைத்தது.

ஜெபா அக்கா, பதிவேட்டில் கையெழுத்துப் போட வந்தவர் பெண்ணின் தாத்தா, எண்பது வயதுக்கு மேல். பேனாவைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் எழுதாமல் பேத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் இடது பக்கம், நான் வலது பக்கம் சுவரோரம் முட்டி போட்டிருந்தேன். ஆல்பத்தின் முதல் பக்கத்துக்கு அந்தப் படத்தைத்தான் பெண் கேட்டிருக்கிறாள். அவர் கண்ணாடியில் ஜன்னல் கம்பி லேசாகத் தெரிகிறது. அதை அழிக்கலாமா, அப்படியே விடலாமா?

குன்னூர்வாசி எழுதியது:

அப்படியே விடுங்கள் தம்பி.