தாத்தா வைத்த புள்ளி

(குழு: நம்ம வீடு)

பாப்பா, காலை 8.12
தாத்தா, இந்த வாரம் ஊருக்கு வர முடியாது போலிருக்கு. ஆபீஸில் வேலை. அடுத்த வாரம் வரட்டுமா

தாத்தா, 8.15
சரி.

பாப்பா, 8.16
கோபமா தாத்தா

பாப்பா, 8.31
தாத்தா??

அத்தை, 8.50
அப்பா குளிக்கப் போயிருக்கிறார். என்ன ஆச்சு

பாப்பா, 8.51
‘சரி’ என்று போட்டுப் பக்கத்தில் புள்ளி வைத்திருக்கிறார் அத்தை. வயிற்றைக் கலக்குகிறது

சித்தப்பா, 8.53
புள்ளி வைத்தால் வாக்கியம் முடிந்தது என்று அர்த்தம்..... இதில் என்ன கலக்கம்.....

தம்பி, 8.54
அனுப்பினாலே முடிந்துவிட்டதே சித்தப்பா. அதற்கு மேலும் புள்ளி வைத்தால் ‘இனி என்னிடம் பேசாதே’ என்று அர்த்தம்

தம்பி, 8.55
உங்கள் ஐந்து புள்ளி அதைவிட மோசம். போன வாரம் ‘வீட்டுக்கு வா..... பேசணும்.....’ என்று அனுப்பினீர்கள். அரியர் விஷயம் தெரிந்துவிட்டது என்று நடுங்கிக்கொண்டே வந்தேன்

சித்தப்பா, 8.56
ஃபிரிட்ஜை நகர்த்த ஆள் வேண்டியிருந்தது.....

சித்தப்பா, 8.56
என்ன அரியர்?

தாத்தா, 9.20
என் பேரில் என்ன வழக்கு? 31 வருஷம் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவன் நான். ஈய எழுத்துகள் போட்டிருக்கும் ‘கேஸ்’ என்ற பெட்டியிலிருந்து அந்தப் புள்ளியை எடுத்து, எழுத்துக் கோக்கும் ‘ஸ்டிக்’ என்ற கைச்சட்டத்தில் வைத்தால்தான் வரி முடியும். ஒன்று விட்டுப்போனாலும் புரூஃபில் சிவப்பு மையால் சுழித்து அனுப்புவார்கள். கோபத்துக்கு என்று தனியாக ஒரு புள்ளி கேஸில் இருந்ததில்லை.

தம்பி, 9.22
ஓலைச்சுவடியில் முற்றுப்புள்ளியே கிடையாதே தாத்தா. அவர்கள் எழுதியதும் தமிழ்தானே

தாத்தா, 9.31
முற்றுப்புள்ளி என்ன, மெய்யெழுத்துக்கே பெரும்பாலும் புள்ளி இருக்காது. அழுத்திக் குத்தினால் ஓலை கிழியும். தொல்காப்பியம் மெய்க்குப் புள்ளி சொல்லியும் ஏட்டில் வைக்கவில்லை. ‘க’வா ‘க்’கா, ‘எ’யா ‘ஏ’யா என்று படிக்கிறவர்தான் இடம் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். காற்புள்ளி, அரைப்புள்ளி எல்லாம் அச்சு வந்தபிறகு பழகியவை. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் தம் உரைநடையில் அவற்றை ஒழுங்காகப் போட்டார்.

தம்பி, 9.32
அப்போ உங்கள் புள்ளியும் ஒரு காலத்தில் புது ஃபேஷன்தான்

தாத்தா, 9.33
வாய் மட்டும் நீளம். அரியருக்குப் படி.

அத்தை, 9.40
இங்கே வேறு கூத்து. அம்மா எழுதிக் கொடுத்த மளிகைச் சீட்டில் ‘கடலை’, ‘வெற்றிலை’ எல்லாம் துதிக்கை வைத்த ‘லை’. கடைப் பையனுக்குப் புரியாமல் எனக்கு போன் செய்கிறான்

பாப்பா, 9.41
துதிக்கையா?

தாத்தா, 9.48
1978 வரைக்கும் ணை, லை, ளை, னை நான்குக்கும் யானைத் துதிக்கை மாதிரி மேலே ஒரு வளைவு உண்டு. பெரியார் 1935லேயே குடிஅரசில் அதை மாற்றி அச்சடித்தார். அரசாணை வந்தது 1978இல்தான். எங்கள் அச்சகத்தில் பழைய ஈய எழுத்துகளைத் தனி டப்பாவில் கொட்டி வைத்தோம். உன் ஆச்சி அந்த ஆணையை இன்னும் ஏற்கவில்லை.

அத்தை, 9.50
சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டேன். பதில் அடுப்படியிலிருந்து வருகிறது, டைப் செய்ய முடியாது

பாப்பா, 9.52
அப்போ கோபம் இல்லையே தாத்தா

தாத்தா, 9.55
இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் கிளம்புகிறாய்.

பாப்பா, 9.56
கேள்விக்குறி விட்டுப்போச்சு தாத்தா

தாத்தா, 9.57
விட்டுப்போகவில்லை.