கேரவன் டிரெய்லரில் பேட்டரி கைவிட்ட இரவுகள்

கடலூர் முதுநகரிலிருந்து:

தேவனாம்பட்டினம் கடற்கரையை ஒட்டி, காரின் பின்னால் இழுத்துச் செல்லும் தங்கும் வண்டியான டிரெய்லரை நிறுத்தியிருந்தோம். உள்சுவரில் இருக்கும் மீட்டர் 12.6 வோல்ட் காட்டியது. தண்ணீர் பம்பை இயக்கியதும் விளக்குகள் மங்கி, மீட்டர் 10.3-க்கு இறங்கியது. பம்பை நிறுத்தினால் மறுபடியும் 12.6. பேட்டரி போய்விட்டது என்று முடிவுகட்டி, மறுநாளே அதைக் கடையில் கொடுத்துவிட்டுப் புதிதாக 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியைப் பொருத்தினேன். அன்று இரவும் அதே மங்கல். டார்ச்சுடன் குனிந்து கம்பியை ஒவ்வோர் இடமாகத் தொட்டுக்கொண்டே வந்தபோது, எதிர்முனைக் கம்பி டிரெய்லரின் உலோக அடிச்சட்டமான சேசிஸுடன் சேரும் போல்ட்டில் விரல் வைக்க முடியாத சூடு. கம்பி முனையில் இருக்கும் உலோக வளையமான லக்கைக் கழற்றினால் செம்பு முழுவதும் உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து முறுக்கிய பிறகு, பம்பு ஓடும்போதும் 12.3-க்குக் கீழே இறங்கவில்லை. நல்ல பேட்டரியை எடைக்குப் போட்டது இன்றும் உறுத்துகிறது.

லாஸ்பேட்டையிலிருந்து:

போல்ட்டில் பழுது இருந்தது உண்மைதான். ஆனால் பழைய பேட்டரி நன்றாக இருந்தது என்பதை நான் ஏற்கவில்லை. பம்பு ஓடும்போது பேட்டரியின் இரு முனைகளிலும் நேரடியாக அளந்தீர்களா? அங்கே அளக்காமல் இரண்டில் எதையும் சொல்ல முடியாது.

என் அனுபவம் வேறு. பிச்சாவரம் சென்றபோது, வழியெல்லாம் கார் என்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் டிரெய்லர் பேட்டரியை நிரப்பியிருக்கும் என்று நம்பி, இரவில் 12 வோல்ட் குளிர்பெட்டியை ஓடவிட்டுத் தூங்கினேன். விடியற்காலையில் பெட்டி நின்றிருந்தது; அம்மாவின் இன்சுலின் குப்பி கையில் வெதுவெதுப்பாக இருந்தது. அந்த வெதுவெதுப்பை இன்னும் மறக்க முடியவில்லை. பிறகு என்ஜின் ஓடும்போது அளந்ததில், கார் பேட்டரியில் 14.2 வோல்ட்டும் டிரெய்லரில் 13.1 வோல்ட்டும் இருந்தன. இணைப்புப் பிளக்கின் வழியாக வரும் மெல்லிய கம்பியிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் போய்விட்டது. இப்போது டிரெய்லர் பேட்டரிக்குப் பக்கத்திலேயே, குறைந்து வரும் வோல்ட்டைப் பேட்டரிக்குத் தேவையான அளவுக்கு உயர்த்தித் தரும் டிசி-டிசி சார்ஜர் வைத்து, தடிமனான தனிக் கம்பி இழுத்திருக்கிறேன்.

முத்தியால்பேட்டையிலிருந்து:

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த இரவில், வாசலில் நின்ற டிரெய்லரின் லித்தியம் பேட்டரியிலிருந்துதான் இன்வெர்ட்டர் வழியாக வீட்டுக்கு ஒரு மின்விசிறியும் இரண்டு விளக்குகளும் ஓடின. வீட்டு ஃபிரிட்ஜையும் அதில் செருகினேன். கம்ப்ரசர் கிளம்பிய அதே நொடியில் எல்லாம் அணைந்து, மழைச் சத்தம் மட்டும் கேட்டது. கம்ப்ரசர் தொடங்கும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுப்பதால், பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று இணைப்பைத் துண்டித்துவிட்டது.

யாரும் கேட்கவில்லை என்றாலும் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மேலே எழுதிய இருவரும் ஃபியூஸைப் பற்றிப் பேசவே இல்லை. 1000 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 80 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஃபியூஸ் இல்லாமல் அந்தக் கம்பி எங்கேனும் உராய்ந்து சேசிஸைத் தொட்டால், அதைவிடப் பல மடங்கு ஓட்டம் பாயும்; உருகப்போவது கம்பிதான். ஆகவே நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், கம்பியின் தாங்குதிறனுக்கு ஏற்ற ஃபியூஸ் இருக்க வேண்டும். நம் கடற்கரைக்கு வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியே ஏற்றது. முறுக்கிய லக்கின்மீது பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். ஈய அமில பேட்டரியைப் பாதிக்குமேல் காலி செய்யாதீர்கள், ஓய்வில் 12.1 வோல்ட் காட்டினால் ஏறக்குறைய பாதி தீர்ந்துவிட்டது என்று பொருள். லித்தியத்துக்கு மாறுபவர்கள் பழைய சார்ஜரை அப்படியே பயன்படுத்தக் கூடாது. ஈய அமில பேட்டரியின் அறைகளைச் சமமாக நிரப்புவதற்காகச் சில சார்ஜர்களில் இருக்கும் 15 வோல்ட்டுக்கு மேற்பட்ட சமன்செய்யும் நிலை லித்தியத்துக்கு ஆகாது.

கடலூர் முதுநகரிலிருந்து:

லாஸ்பேட்டை நண்பரின் கேள்வி சரியானது. பேட்டரி முனைகளில் நான் அளக்கவில்லை. சுவர் மீட்டரை மட்டுமே நம்பினேன். நேற்று ஃபியூஸையும் தேடிப் பார்த்தேன். பேட்டரியிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. இந்த வாரமே இடம் மாற்றுகிறேன்.