பெயிண்ட் பக்கெட்டில் மாட்டிய டேங்க் நிப்பிள் கசிகிறது, என்ன செய்யலாம்?

மாடித்தக்காளி, கோவை:
வணக்கம் நண்பர்களே. மாடியில் தக்காளியும் குடைமிளகாயும் மண் இல்லாமல் வளர்க்க, 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட்டுகளை வரிசையாக வைத்து அடியில் ஒன்றோடொன்று இணைத்திருக்கிறேன். கடைசியில் ஒரு டிரம். அதிலிருந்து சின்ன மோட்டார் சத்துநீரை முதல் பக்கெட்டுக்குத் தள்ளும். ஒவ்வொரு பக்கெட்டிலும் அடியை ஒட்டித் துளை போட்டு முக்கால் இன்ச் டேங்க் நிப்பிள் (சுவர்த் துளையில் நட்டு போட்டு மாட்டும் குழாய் இணைப்பு), நடுவில் நேர் பிவிசி குழாய்.

தண்ணீர் இல்லாதபோது எல்லாம் கச்சிதமாக இருக்கிறது. நிரப்பி வைத்தால் மறுநாள் காலையில் நட்டுக்குக் கீழே ஈரம், சிலவற்றில் சொட்டு. கசிந்த இடமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்துவிட்டது. வெளியே சுற்றிலும் சிலிக்கான் வைத்தேன், காய்ந்தபின் நகத்தால் நெம்பினாலே பட்டையாக உரிந்து வருகிறது. கீழே வீட்டுக்காரர் குடியிருக்கிறார், தளத்தில் ஓதம் இறங்கிவிடக் கூடாது. எபாக்ஸி போட்டுப் பார்க்கலாமா? யூனிசீல் என்று ஒரு ரப்பர் வளையம் சொல்கிறார்களே, நம் ஊர்க் குழாய்க்குப் பொருந்துமா?

குழாய்வேலை, மதுரை:
ரப்பர் வாஷர் எந்தப் பக்கம் போட்டிருக்கிறீர்கள்?

மாடித்தக்காளி:
வெளியே, நட்டுப் பக்கம் அண்ணா.

குழாய்வேலை, மதுரை:
சரி, பாதி விஷயம் அங்கேதான் இருக்கிறது தம்பி. நிப்பிளின் தட்டு, அதாவது ஒரு முனையில் இருக்கும் அகலமான விளிம்பு, பக்கெட்டுக்கு உள்ளே, தண்ணீர்ப் பக்கம் இருக்க வேண்டும். வாஷர் அந்தத் தட்டுக்கும் பக்கெட் சுவருக்கும் நடுவில் வர வேண்டும். வாஷர் வெளியே இருந்தால், தண்ணீர் தட்டுக்கு அடியில் புகுந்து, துளை வழியாக வந்து, மரையைப் பிடித்துக்கொண்டே நட்டுக்கு வெளியே இறங்கிவிடும். அந்த மரையில் எத்தனை சுற்று டெஃப்லான் டேப் சுற்றினாலும் நம்ப முடியாது. டேப் போட வேண்டியது நிப்பிளுக்குள் குழாய் அடாப்டர் முறுக்குகிற இடத்தில்.

எபாக்ஸி வேண்டாம். பக்கெட்டின் அடியைப் பாருங்கள், முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் பாலிபுரொப்பிலீன், 2 என்றால் எச்டிபிஇ, இரண்டும் பிளாஸ்டிக் வகைகள். இரண்டிலும் சிலிக்கான், எபாக்ஸி, பிவிசி சால்வென்ட் (குழாய் ஒட்டும் பசை) எதுவும் நிலையாக ஒட்டாது. நசுங்கிய ரப்பர்தான் தண்ணீரை நிறுத்தும். ஒட்டியிருக்கிற சிலிக்கானை முழுக்கச் சுரண்டி எடுத்துவிடுங்கள், வாஷர் உட்காரும் இடத்தில் ஒரு துணுக்கு இருந்தாலும் அதன் ஓரமாகக் கசியும்.

அடுத்தது துளையின் இடம். அடியை ஒட்டி என்கிறீர்கள். பக்கெட்டின் சுவரும் அடியும் சேரும் மூலை உள்ளே வளைந்திருக்கும். தட்டின் கீழ் விளிம்பு அந்த வளைவில் ஏறி நின்றால் வாஷர் மேலே ஒரு அழுத்தம், கீழே ஒரு அழுத்தம் என்றுதான் உட்காரும். உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், சுவர் நேராகத் தொடங்குகிற இடம் தெரியும். தட்டு முழுவதும் அதற்கு மேலே வருகிற மாதிரி குறித்துக்கொள்ளுங்கள். சுவரே வட்டம் என்பதால் நிப்பிள் பெரிதாகப் பெரிதாகச் சரியாகப் படியாது, தடித்த, மெத்தென்ற வாஷராகப் பார்த்து வாங்குங்கள்.

துளைக்கு ஹோல் சா, அதாவது டிரில்லில் மாட்டும் வட்ட ரம்பம். மரையின் வெளிவிட்டத்தை அளந்து, அதைவிட ஓரிரு எம்.எம். மட்டும் பெரிதாக எடுங்கள். பின்னால் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து டிரில்லை மெதுவாக ஓட்ட வேண்டும், வேகமாக ஓட்டினால் பிளாஸ்டிக் உருகி விளிம்பில் தடித்துப் போகும். பிசிரைக் கத்தியால் சீவி எடுங்கள். வாஷர் படியும் முகத்தில் உப்புத்தாள் தேய்க்காதீர்கள், கோடு விழுந்தால் அந்தக் கோடே வாய்க்கால் ஆகிவிடும்.

முடுக்கும்போது உள்ளே தட்டைக் கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு வெளியே நட்டை மட்டும் திருப்புங்கள். கையால் இறுக்கிய பிறகு ஸ்பேனரில் கால் சுற்று, மிஞ்சிப்போனால் அரைச் சுற்று. வாஷர் பிதுங்கி வெளியே எட்டிப் பார்த்தால் அளவு தாண்டிவிட்டது. சுவர் மெல்லியதாக இருந்தால் பழைய பக்கெட்டில் ஒரு வளையம் வெட்டி நட்டுக்கு அடியில் கொடுங்கள், நன்றாகத் தாங்கும்.

இதையெல்லாம் செய்தாலும் அந்த நேர் பிவிசி குழாய் உங்களை விடாது. காலியாக இருக்கும்போது சரியாக இருந்து, நிரப்பினால் கசிகிறது என்றீர்களே, அதைக் கவனியுங்கள். நிறைந்த பக்கெட் 20 கிலோவுக்கு மேல். கீழ்ப்பக்கம் லேசாக உப்பும், தளத்தில் கொஞ்சம் அழுந்தி உட்காரும். மாடித் தளம் மழைநீர் ஓடுவதற்காக எப்போதும் ஒரு பக்கம் சரிந்துதான் இருக்கும், எனவே ஒவ்வொரு பக்கெட்டும் வேறு கோணத்தில் நிற்கும். இரண்டு பக்கமும் விறைப்பான குழாயைப் பூட்டிவிட்டால் அந்த அசைவு முழுவதும் வாஷரை நெம்பும். குழாயை நடுவில் அறுத்து, ஒரு சாண் அளவு கறுப்பு ஹோஸ் போட்டு இரு முனையிலும் கிளிப் முடுக்குங்கள். கறுப்பு எதற்கென்றால், வெளிச்சம் புகுந்தால் உள்ளே பாசி பிடிக்கும். பக்கெட்டுகளைப் பலகை மேல் மட்டம் பார்த்து வையுங்கள். அடியில் இணைத்த பக்கெட்டுகளில் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும், சரிவில் வைத்தால் தாழ்ந்த பக்கெட்டில் செடி மூழ்கும், மேட்டில் இருப்பது காயும்.

யூனிசீல் நல்ல பொருள். ரப்பர் வளைந்து கொடுப்பதால் வட்டச் சுவருக்கு நிப்பிளைவிடப் பொருத்தம். முக்கால் இன்ச் யூனிசீலுக்கு ஒன்றேகால் இன்ச் துளை. ஆனால் அது 26.7 எம்.எம். வெளிவிட்டக் குழாய்க்குச் செய்தது. நம் விவசாயக் குழாய் 25 எம்.எம்., சுடுதண்ணீருக்குப் போடும் சிபிவிசி முக்கால் இன்ச் 22.2 எம்.எம்., இரண்டும் அதில் தளர்வாகத்தான் நிற்கும். ஷெட்யூல் 40 அல்லது 80 (குழாய்ச் சுவரின் தடிமன் வகை) யுபிவிசி குழாய் கேட்டு வாங்கினால் விட்டம் சரியாக வரும். குழாய் முனையைச் சரிவாகச் சீவி, சோப்புத் தண்ணீர் தொட்டு, ரப்பரின் அகலமான பக்கத்திலிருந்து தள்ளுங்கள்.

சத்துநீர் ஊற்றும் முன் வெறும் தண்ணீர் நிரப்பி, அடியில் செய்தித்தாள் விரித்து, ஒரு பகலும் இரவும் விடுங்கள். உச்சி வெயிலில் பிளாஸ்டிக் இளகும், அப்போது தாங்குகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

செல்வி, திண்டுக்கல்:
அண்ணன் சொன்னதோடு இன்னொன்று. தக்காளி வேர் முக்கால் இன்ச் குழாயை அடைத்துவிடும், உள்ளே நிப்பிள் வாயில் வலை கட்டுங்கள். என்னைக் கேட்டால், காய்க்கிற செடிக்கு டச்சு பக்கெட்தான் நல்லது. சுட்ட களிமண் உருண்டை நிரப்பி, மேலே சொட்டுக்குழாயில் சத்துநீர், அடியில் இரண்டு இன்ச் உயரத்தில் ஒரே ஒரு வடிகால். அந்த அளவுக்கு மேல் தண்ணீர் நிற்பதே இல்லை, வாஷருக்கும் அழுத்தம் குறைவு. சொட்டுநீர்க் கடையில் கிரோமெட் (துளையில் மாட்டும் ரப்பர் வளையம்) கிடைக்கும், அதற்கென்று டிரில் பிட்டும் அங்கேயே உண்டு. அது தடித்த பிவிசி குழாய்க்குச் செய்தது என்பதால், மெல்லிய பக்கெட்டில் ஆடுகிறதா என்று ஒன்றில் மாட்டிப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு வாங்குங்கள்.

மாடித்தக்காளி:
மிக்க நன்றி அண்ணா, அக்கா. ஒரு வரிசையில் வாஷரை உள்ளே மாற்றி, நடுவில் ஹோஸ் போட்டு நிரப்பி வைத்தேன். வெயில் தாண்டியும் செய்தித்தாள் காய்ந்தே இருக்கிறது. அடியை ஒட்டிய பழைய துளை உள்ள பக்கெட்டுகளைக் கீரைக்கு மண் போட எடுத்துக்கொள்கிறேன். கடைசி பக்கெட்டில் தண்ணீரை வடிக்க ஒரு வால்வு வேண்டும். வீட்டில் பித்தளை வால்வு இருக்கிறது, போடலாமா?

குழாய்வேலை, மதுரை:
வேண்டாம். சத்துநீர் அமிலப் பக்கம் இருக்கும், பித்தளையிலிருந்து செம்பும் துத்தநாகமும் கரையும். அதே தண்ணீர் திரும்பத் திரும்பச் சுற்றுவதால் சேர்ந்துகொண்டே போய் வேரைக் கெடுக்கும். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) சாமானும் கூடாது. பிவிசி பால் வால்வு வாங்கிப் போடுங்கள், கீழே அதன் எடையைத் தாங்க ஒரு செங்கல் வையுங்கள்.